ஒரு சைஸ் பெரிசு

அக்கா எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிசாகத்தான் வாங்குவாள். செருப்பு, சட்டை, குக்கர், பூட்டு, எதுவானாலும் சரி. "வளர்ற பிள்ளை" என்பது அவள் சொல்லும் ஆதிகாலத்துக் காரணம். அம்மா போனபோது தங்கைக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினாறு. அன்றைக்குத் தூக்கிய பொறுப்பை அவள் இன்றுவரை இறக்கி வைக்கவில்லை. பள்ளிக்கூடம் போன காலம் முழுக்கத் தங்கையின் செருப்புக்குள் பஞ்சு அடைத்திருந்தது. பிள்ளை வளர்ந்து, வளர்வதை நிறுத்தி, காதோரம் நரைத்து, நாற்பதைத் தாண்டிய பிறகும் அக்காவுக்கு அவள் வளர்ற பிள்ளைதான். கூப்பிடுவதும் பாப்பா என்றுதான்.

அந்தப் பாப்பா வேலை செய்வது கார் பட்டறையில். அங்கே அவளுக்குப் பெயர் மேஸ்திரி. முதலாளியே வண்டியைக் கிளப்பிவிட்டு, கோளாறு என்னவென்று தெரிந்துகொள்ள எஞ்சினைப் பார்க்க மாட்டார், அவள் முகத்தைத்தான் பார்ப்பார். நாமும் மேஸ்திரி என்றே சொல்வோம். பாப்பா என்றால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்தால் லேசில் இறங்காது.

போன வருஷம் அவளுடைய இரண்டு மார்பையும் எடுத்துவிட்டார்கள். ஒன்றில் கட்டி இருந்தது. இன்னொன்றிலும் வரத்தான் போகிறது என்று பரிசோதனை சொல்லிவிட்டது. மருந்து ஏற்றினார்கள், தலைமுடி கொட்டியது, திரும்ப முளைத்தது. அதையெல்லாம் மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட்டாள். அவளால் தாங்க முடியாமல் போனது பார்க்க வந்தவர்களைத்தான். "உசுரு தப்பிச்சதே பெருசு" என்றார்கள், இவள் என்னவோ உயிர் சின்ன விஷயம் என்று சொன்ன மாதிரி. நாத்தனார், கணவனின் அக்கா, ஒருபடி மேலே போனாள்.

"இப்பதான் புதுசா வச்சுக்கலாமாமே. வைக்கறதுதான் வைக்கறே, நல்லா எடுப்பா கேட்டு வச்சுக்கோ."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். மேஸ்திரி மட்டும் எழுந்து போய்க் காபி டம்ளர்களைத் தொட்டியில் போட்டாள். போட்ட வேகத்தில் ஒன்று நசுங்கியது.

அவளுக்கு எடுப்பும் வேண்டாம், எடுபடுவதும் வேண்டாம். அவளுக்கு இருந்தது சின்ன மார்பு. அதைப் பற்றி அவளுக்கு ஒரு நாளும் மனக்குறை இருந்ததில்லை. இருபது வருஷமாக அந்த உடம்போடுதான் திறந்த பானெட்டுக்குள் குனிந்து வேலை பார்த்திருக்கிறாள். கண்ணுக்குத் தெரியாத மூலையில் இருக்கும் ஒரு போல்ட்டைக் கை தேடும்போது, உடம்பு எதில் சாய்ந்திருக்கிறது, எந்தக் குழாய் சுடும், அதற்கும் தனக்கும் எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் அவள் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. வீட்டில் இருட்டில் எழுந்து தண்ணீர்ப் பானைக்குப் போகிற மாதிரி, உடம்புக்கே தெரியும். அந்த உடம்பைத்தான் அவள் திரும்பக் கேட்டாள்.

"எனக்கு என்ன இருந்துச்சோ அதான் வேணும் டாக்டர். ஒரு இம்மி கூடவும் வேண்டாம், ஒரு இம்மி குறையவும் வேண்டாம்" என்றாள்.

டாக்டரம்மா அவசரப்படாதவர். இருந்தது எவ்வளவு என்று இப்போது அளக்க முடியாதே என்றார். ஒரு வழியும் சொன்னார். மெல்லிய துணியில் பை தைத்து, அரிசி நிரப்பி, உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு நடமாடிப் பார்க்க வேண்டும். கூட்டிக் குறைத்து, இதுதான் நான் என்று தோன்றுகிற அளவில் நிறுத்தி, பையைத் தைத்து எடுத்து வர வேண்டும். "அந்தப் பையை எடை போட்டு, அதுக்குச் சரியான இம்ப்ளான்ட் எடுப்பேன். எனக்கு நீங்க வாயால சொல்றதைவிட அது சரியாச் சொல்லும்" என்றார்.

மேஸ்திரிக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போனது. வீட்டில் யாரும் சீந்தாமல் கிடந்த பச்சரிசியைக் காலி செய்து, பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து இரண்டு பை தைத்தாள். அவள் தையல் சீட் கவர் தைக்கிற தையல், தடித்த நூலில் எட்ட எட்ட இழுத்துக் கட்டியது, சாக்கு மூட்டை மாதிரி இருக்கும். அதை உள்ளே வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். முதல் நாள் பானெட்டுக்குள் குனிந்தபோதே இடித்தது. பிரித்துக் கொஞ்சம் கொட்டினாள். அடுத்த நாள் வெறிச்சென்று இருந்தது, ஒரு சிட்டிகை போட்டாள். ஒரு தடவை தையல் விட்டு, எஞ்சின் மேலேயே அரிசி சிந்திவிட்டது. முதலாளி எட்டிப் பார்த்தார். "என்ன மேஸ்திரி, வண்டிக்குப் பசியா?" என்று கேட்டுவிட்டுத் தன் மேசைக்குத் திரும்பிப் போய்விட்டார். நல்ல மனிதர்.

இப்படிக் கூட்டிக் கழித்து, ஒரு நாள் குனிந்தாள், நிமிர்ந்தாள், பை இருப்பதையே மறந்துவிட்டாள். சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போதுதான் ஞாபகம் வந்தது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற அவள் கணவன் அப்போது தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இதுதான்" என்றாள்.

அவன் துருவியதைப் போட்டுவிட்டு வந்து பார்த்தான். "ஆமா, இதுதான்" என்றான். அவன் கண் கலங்கிவிட்டது. இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

அக்கா பையைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தாள். "இவ்வளவுதானா? குருவிக்குப் போடற மாதிரி இருக்கு" என்றாள்.

"குருவிக்குத்தான். வை கீழே" என்றாள் மேஸ்திரி.

மார்பைத் திரும்ப வைக்க இரண்டு ஆபரேஷன்; முதலாவதில் நெஞ்சுக்கு உள்ளே வெறும் பைகளை வைத்தார்கள். அதில் ஊசி மூலம் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றி, ஒட்டிக் கிடந்த தோலை இழுத்துத் தளர்த்த வேண்டும். தேவைக்கு மேலேயே இழுப்போம், பிறகு அதை எடுத்துவிட்டு உங்கள் அளவை வைப்போம் என்று டாக்டர் விளக்கியிருந்தார். நீர் ஏற்றிய நாளெல்லாம் நெஞ்சில் யாரோ இரும்புப் பட்டை கட்டி முறுக்குவது போல் இருந்தது. படுக்க முடியாது, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூக்கம். கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. விலாவிலிருந்து இரண்டு குழாய்கள் தொங்கின, அதன் முனையில் உருண்டையாக இரண்டு குப்பிகள், அதில் ரத்தநீர் வடிந்துகொண்டே இருக்கும்.

அந்தக் குப்பிகளைக் காலி செய்தது அக்கா. தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். தலை குளிப்பாட்டினாள், தலை துவட்டினாள், முன்பக்கம் பட்டன் வைத்த சட்டைகள் வாங்கி வந்தாள், வழக்கம் போல ஒரு சைஸ் பெரிசு. கட்டுக்கும் குப்பிக்கும் அந்தத் தொளதொளப்பு வசதியாக இருந்தது. "நான் சொன்னா கேக்க மாட்டீங்களே" என்று அக்கா அதை நாலு பேரிடம் சொல்லி மகிழ்ந்தாள். தன் ரத்தத்தை முகம் சுளிக்காமல் அள்ளிக் கொட்டுகிறவளிடம் எப்படிக் கோபப்படுவது? மேஸ்திரி வாயை மூடிக்கொண்டு சட்டையைப் போட்டுக்கொண்டாள். நன்றி என்பது சில நேரம் வாயில் திணித்த துணி மாதிரிதான்.

தோல் இழுத்து முடிந்ததும் இரண்டாவது ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முதல் நாள் மேஸ்திரி பட்டறைக்குப் போய்த் தன் வேலைகளை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாள். ஆஸ்பத்திரிப் பையை அக்கா கட்டி வைத்திருந்தாள். காலையில் அரிசிப் பைகளை நர்ஸிடம் எடுத்துக் கொடுத்ததும் அக்காதான். நர்ஸ் எடை போட்டாள். டாக்டர் மேஸ்திரியை நிற்க வைத்து, நெஞ்சில் நீலப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மேஸ்திரி மேசைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். இரண்டு வெள்ளைப் பைகள் இருந்தன. எஞ்சினாக இருந்தால் தன் வேலையை இன்னொரு தடவை தொட்டுப் பார்க்காமல் மூடியிருக்க மாட்டாள். அன்றைக்கு அவளே பட்டறையில் நிற்கிற வண்டி, மூடித் திறப்பதெல்லாம் மற்றவர்கள் கையில்.

கட்டுப் பிரித்த அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடியில் பார்ப்பதற்கு முன்பே தெரிந்தது.

"இது பெருசா இருக்கு டாக்டர்."

"வீக்கம்மா. வடிய நாளாகும்."

கணவனும் வீக்கம் என்றான், டாக்டர் சொன்னதால். நாத்தனார், "நல்லாத்தானே இருக்கு" என்றாள். எல்லோரையும்விடச் சத்தமாக அக்கா சொன்னாள். "வீக்கம் பாப்பா. நீ சும்மா சும்மா தொட்டுப் பாக்காதே. வடிஞ்சிடும்."

வடியவில்லை. வாரங்கள் போய் மாதங்கள் ஆயின. தழும்பு சிவப்பிலிருந்து பழுப்பு நிறத்துக்கு வந்தது, கை மேலே தூக்க வந்தது, நெஞ்சு மட்டும் அப்படியே நின்றது. மறுபடி கேட்டபோது டாக்டர் குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். "நீங்க கொடுத்த பையோட அளவுக்குத்தான் வச்சிருக்கேன். உடம்பு ஏத்துக்கிட்டாலும் மனசு ஏத்துக்க நாளாகும்" என்று அன்பாகச் சொன்னார். அந்த அன்புதான் அவளைக் கொன்றது. பையைத் தைத்தவள் அவள், அளந்தவள் அவள். அப்படியென்றால் கோளாறு அவள் மண்டையில்தானே? தன் உடம்பைத் தனக்குத் தெரியும் என்று இத்தனை நாள் நம்பியது வெறும் திமிரோ என்றுகூட நினைத்தாள். ஒரு மெக்கானிக்குக்குத் தன் காதின் மேலேயே சந்தேகம் வந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். கணவன் ஏதாவது ஜோக் சொன்னால் எரிந்து விழுந்தாள். அவன் ஜோக் சொல்வதை நிறுத்திக்கொண்டான், அதற்கும் எரிந்து விழுந்தாள்.

பட்டறைக்குத் திரும்பினாள். முதலாளி, "கொஞ்ச நாள் பில் மேசையில உக்காருங்களேன்" என்றார். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். அப்போதுதான் ஓடி வந்து நின்ற ஒரு வண்டி, எஞ்சின் கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஒயர் ஒன்று எங்கேயோ உரசுகிறது. குனிந்தாள், இடது கையை உள்ளே விட்டாள், வழக்கமான இடத்தில் சாய்ந்தாள். விரல்நுனி ஒயரைத் தேடிப் பிடித்துவிட்டது. அந்த நாளில் முதல் முறையாக மனசு கொஞ்சம் லேசானது.

துணி பொசுங்குகிற வாசனை வந்தது. எந்த ஒயர் எரிகிறது என்று மூக்கை நீட்டித் தேடினாள். எரிந்தது ஒயர் இல்லை. குனிந்து பார்த்தால் தன் சட்டையிலிருந்து புகை வருகிறது. இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் இடைவெளி இல்லை. நெஞ்சு போய்ச் சூட்டுக் குழாயில் உட்கார்ந்திருக்கிறது. கழிப்பறைக்கு ஓடிப் போய்ச் சட்டையைத் திறந்தாள். ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குத் தோல் வெந்து கொப்புளித்திருந்தது. வலிக்கவில்லை. மார்பை எடுத்தபோதே அங்கே உணர்ச்சி செத்துப் போயிருந்தது. மூக்கு இல்லையென்றால் எவ்வளவு நேரம் அப்படியே நின்றிருப்பாள்?

அப்போது ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. இது மனசு இல்லை. அரிசிப் பையோடு இதே இடத்தில், இதே மாதிரிச் சாய்ந்து அவள் வேலை செய்திருக்கிறாள். சட்டை பொசுங்கியதில்லை.

மருந்து போட்டுக்கொண்டு நேராக வீட்டுக்குப் போனாள். ஆஸ்பத்திரிப் பை பரண் ஓரத்தில் அப்படியே இருந்தது. அரிசிப் பைகளைத் திருப்பித் தந்திருந்தார்கள். அவற்றைக் கையில் எடுத்ததுமே கை சொல்லிவிட்டது. கனம் தப்பு. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மூன்று பக்கம் சாக்கு மூட்டைத் தையல். நான்காவது பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி நெருக்கமான, நேரான, அழகான தையல். அந்தத் தையலில்தான் சின்ன வயசில் அவள் பாவாடைகளெல்லாம் மடித்துத் தைத்துக் கிடந்தன.

கத்தரியால் வெட்டித் தாம்பாளத்தில் கொட்டினாள். வெள்ளைப் பச்சரிசிக்கு நடுவே மஞ்சளாக, தடித்தடியாகப் புழுங்கல் அரிசி. தினம் சோறு வடிக்கிற அரிசி டப்பாவிலிருந்து எடுத்தது. எடுத்த இடத்தைக்கூட மறைக்கத் தெரியவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டு, "வா" என்றாள்.

அக்கா வந்தாள், கையில் ஒரு பையோடு. தாம்பாளத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள்.

"ரெண்டு பிடிதான் பாப்பா" என்றாள்.

"யாரைக் கேட்டுப் போட்டே?"

"தோலை அவ்வளவு இழுத்து வச்சிருந்தாங்க. இடம் இருந்துச்சு. இவ்வளவு கஷ்டப்பட்டுட்டு அதே குருவி அளவு எதுக்குன்னுதான். நீ எப்பவும் உனக்குன்னு குறைச்சுத்தான் கேப்பே. பின்னாடி நீதான் வருத்தப்படுவேன்னு நெனச்சேன். நல்லதுக்குத்தானே செஞ்சேன்."

மேஸ்திரி சட்டையின் மேல் பட்டன்களைக் கழற்றி, கட்டை விலக்கிக் கொப்புளத்தைக் காட்டினாள். "இதுதான் உன் நல்லது. எஞ்சின்ல பட்டு வெந்திருக்கு. எனக்குத் தெரியக்கூட இல்லை."

அக்கா கையை நீட்டிக்கொண்டு அருகே வந்தாள். "அய்யோ, மருந்து போட்டியா, காட்டு..."

"தொடாதே."

அக்காவின் கை பாதி வழியில் நின்றது.

"பெருசா வச்சது கூடப் போகட்டும்" என்றாள் மேஸ்திரி. குரலில் அழுகை இல்லை, ஆத்திரம். "வீக்கம்னியே. தினம் தினம் சொன்னியே. உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே என் தலையைத் துவட்டிட்டே சொன்னே. எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சோன்னு பயந்துக்கிட்டிருந்தேன். என் உடம்பு எனக்கே புரியலைன்னு நெனச்சேன். அதைப் பாத்துக்கிட்டுத்தானே உக்காந்திருந்தே?"

"சொன்னா நீ கோபப்படுவே."

"இப்ப என்ன பண்றேன்?"

மேஸ்திரி தாம்பாளத்தை எடுத்து அவள் முன்னால் தரையில் வைத்தாள். காலியான ஒரு கிண்ணத்தையும் பக்கத்தில் வைத்தாள்.

"பொறுக்கு. உன் அரிசி ஒண்ணு விடாம பொறுக்கி எடு. என்னோடது மட்டும் மிஞ்சணும்."

அக்கா கைப்பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முழங்கால் வலிக்காரி, தரையில் உட்காருவதே அவளுக்குப் பெரும்பாடு. மேஸ்திரிக்கு அது தெரியும். தெரிந்தும் நாற்காலி எடுத்துப் போடவில்லை, எதிரே நின்றுகொண்டே இருந்தாள். மஞ்சள் அரிசி ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் விழுந்தது. கணவன் வேலை முடிந்து வந்து எட்டிப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் சமையலறைக்குள் போய்விட்டான். நடுவில் ஒரு தடவை அக்காவின் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் தாம்பாளத்தில் விழுந்தது. "நனைக்காதே" என்றாள் மேஸ்திரி. சொன்னது தனக்கே கொடூரமாகப் பட்டது. ஆனாலும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

பொறுக்கி முடிய வெகுநேரம் ஆயிற்று. அக்கா தாம்பாளத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் ஊசி நூலுக்குக் கை நீட்டினாள். மேஸ்திரி அதை முந்தி எடுத்துக்கொண்டாள். தன் அரிசியைத் தன் பைகளில் சரிபாதியாகப் போட்டு, எட்ட எட்ட இழுத்துத் தைத்தாள். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். இதுதான்.

"டாக்டர்கிட்ட இதைக் கொண்டுபோகப் போறேன். எடுத்துட்டு மாத்தச் சொல்வேன்."

"மறுபடியும் கத்தியா?" அக்காவின் முகம் வெளுத்தது. "மறுபடியும் அந்தக் கட்டு, அந்தத் தலையணை... உன்னை யாரு பாத்துப்பா?"

"அது என் பாடு. மறுபடியும் கத்தி வந்தது யாரால?"

கிண்ணத்து அரிசியை ஒரு காகிதத்தில் மடித்து அக்காவின் கையில் வைத்தாள். "இது உன்னோடது. எடுத்துட்டுப் போ."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கொண்டு வந்த பையைத் திறக்காமலே எடுத்துக்கொண்டாள். அதன் வாய் வழியாகப் புதுச் சட்டை ஒன்றின் கழுத்துப்பட்டை தெரிந்தது, எந்த சைஸ் என்று கேட்கத் தேவையில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, போகாமல் நின்றாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"ஆஸ்பத்திரிக்கு முன்பக்கம் பட்டன் வச்ச சட்டை வேணுமே. பழசெல்லாம் கறையாயிடுச்சு." கையிலிருந்த பையைப் பார்த்தாள். "இதை மாத்திட்டு வேற எடுத்துட்டு வர்றேன். உன் சைஸ் என்ன?"

அம்மா போன நாளிலிருந்து அக்கா அவளிடம் கேட்காத கேள்வி அது. மேஸ்திரிக்குக் கோபம் இன்னும் அப்படியேதான் இருந்தது, நெஞ்சுக்குள் இருந்த அந்த இரண்டு பிடியும் அப்படியேதான் இருந்தது.

அக்கா பதிலுக்காக நின்றாள். நிற்கட்டும் என்று மேஸ்திரி விட்டுவிட்டாள்.